பத்தை இரண்டால் வகுத்தால் என்ன வரும்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், 2021 கடைசியில ஒன்லைன் லேப் எண்டு காசு சேர்த்தீங்களே, அது என்னாச்சு?" பக்கத்தில் இருந்தவர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள். அப்படிச் சொல்லத் தேவையே இல்லை. காசு தந்தவர் கேட்கத்தான் வேண்டும். பதில் சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் அன்று ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொருவர் சொன்னார், "இப்பதான் போனிலேயே லேப் இரிக்கே. பழைய கம்பியூட்டர் திருத்த ஒதுக்கின காசை நுழைவாயில் வளைவுக்கு எடுத்தா என்ன?" பல தலைகள் ஆடின. என் நெஞ்சு திக்கென்றது.

இந்த இரண்டு பேச்சுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் என் பிழைகள் இரண்டு இருக்கின்றன. இதுவரை வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதவை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பட்டதாரி இல்லை. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, கட்டுறுபயிலுனராக ஒரு வருடம் போய், சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்க நியமனம் பெற்றவள். உயர்தர ஐ.சி.டி. படிப்பித்தவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் அதிபர் என்னைக் கூப்பிட்டு, "வேற ஆள் வரும் வரைக்கும் நீங்க பாருங்க" என்றார். அந்த "வரும் வரைக்கும்" இன்னும் முடியவில்லை. பைதன் மொழியை முதல் நாள் இரவு நான் படித்து, அடுத்த நாள் காலை பிள்ளைகளுக்குப் படிப்பித்த காலம் அது. மறைக்க ஒன்றுமில்லை.

2021 மே மாதம். நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நாடு முழுக்கப் பயணக்கட்டுப்பாடு. பாடசாலை மூடி. எல்லாப் பாடமும் வட்ஸ்அப்பிலும் சூமிலும். நான் பைதனில் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்து, "ஓடவிட்டுப் பார்த்து, விடை வந்த திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று குழுவில் போட்டேன். சிலர் அனுப்பினார்கள். பலர் ஒருவர் அனுப்பிய படத்தையே திரும்ப அனுப்பினார்கள். ஒரு மகள் மட்டும் சீ.ஆர். கொப்பியில் கையால் எழுதிய ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மேலே நிரல், கீழே "வெளியீடு" என்று கோடு போட்டு விடை.

எனக்குக் கோபம் வந்தது. குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினேன். "இது செய்முறை இல்லை. கொப்பியில் எழுதச் சொல்லவில்லை. சோம்பல் வேண்டாம்."

அவள் ஒன்றும் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியும் அனுப்பவில்லை.

ஜூன் கடைசியில் கட்டுப்பாடு தளர்ந்ததும் அவளுடைய வீட்டுக்குப் போனேன். வாப்பா மேசன் வேலை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் வாப்பாவுடையது. அவர் விடியப் போனால் இஷாத் தொழுகை நேரத்தில்தான் வருவார். போனும் அவரோடு போய் அவரோடு வரும். உம்மா தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் பிள்ளை தயங்கித் தயங்கிக் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினாள்.

அந்தக் கொப்பி முழுக்க நிரல்கள். ஒவ்வொரு நிரலுக்கும் பக்கத்தில் அட்டவணை. எந்த வரியில் எந்த மாறியின் பெறுமானம் என்ன, அடுத்த சுற்றில் என்ன ஆகும் என்று படிப்படியாகப் போட்டிருந்தாள். கம்பியூட்டர் செய்ய வேண்டியதை இவள் பேனையால் செய்திருக்கிறாள். நான் சோம்பல் என்று எழுதியது இந்தப் பிள்ளையை.

"ஏன் மகள் குழுவில சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"எல்லாரும் பாக்கிறதில என்னத்தைச் சொல்ற டீச்சர்?"

ஒரு பக்கத்தில் பத்தை இரண்டால் வகுக்கும் வரி ஒன்று இருந்தது. விடை 5 என்று எழுதியிருந்தாள். சரிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். கணக்குப் பாடத்தில் சரி. ஆனால் இப்போது நாங்கள் படிப்பிக்கும் பைதன் 3 இல் அந்த வரியை ஓடவிட்டால் 5 வராது, 5.0 வரும். சாதாரண வகுத்தல் குறியைப் போட்டால் மீதி இல்லாவிட்டாலும் அது தசம எண்ணாகத்தான் விடை தரும். முழு எண் வேண்டுமென்றால் வகுத்தல் குறியை இரண்டு தடவை போட வேண்டும். பரீட்சையில் இதற்குப் புள்ளி வெட்டுவார்கள்.

அந்தப் பிள்ளையின் மூளையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இது யோசித்துக் கண்டுபிடிக்கிற விசயம் இல்லையே. ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். காகிதம் நாங்கள் என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும், "பிழை" என்று ஒரு நாளும் சொல்லாது. கம்பியூட்டர் சொல்லும். ஆய்வுகூடம் என்றால் என்ன என்று கல்லூரியில் நாலு பக்கம் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினவள் நான். அன்றைக்கு அந்தத் திண்ணையில்தான் உண்மையாக விளங்கியது. ஒரு பிள்ளை பயமில்லாமல் பிழை விட்டு, அந்தப் பிழையை உடனே கண்டு, திருத்தி, திரும்பவும் விடுகிற இடத்துக்குப் பெயர்தான் ஆய்வுகூடம்.

நவம்பரில் பாடசாலை திறந்தது. எங்கள் கணினி ஆய்வுகூடத்தில் இருப்பது 20 கம்பியூட்டர். அன்று வேலை செய்தது 7. என் வகுப்பில் 24 பிள்ளைகள். பின்னேரம் ஒன்றரைக்கு மணி அடித்தால் அறை பூட்டு. அப்போதுதான் கிளவுட் பற்றி யோசித்தேன்.

கிளவுட் கம்பியூட்டிங், தமிழில் முகிற் கணிமை, என்றதும் வானத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கில் கம்பியூட்டர்கள் ஓடுகின்றன. அதில் ஒரு துண்டை நாங்கள் வாடகைக்கு எடுக்கிறோம். ஒரு பெரிய இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்து, ஒன்றை எங்களுக்குத் தருவார்கள். வேண்டும்போது பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், அழிக்கலாம். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2011 இல் கிளவுட்டுக்கு ஒரு வரைவிலக்கணம் எழுதியது. ஐந்து பண்புகள் சொல்கிறது. அதில் ஐந்தாவது, பாவிப்பது அளக்கப்படும் என்பது. அதாவது கரண்ட் மீற்றர் மாதிரி. இந்த ஐந்தாவது பண்பைப் படிப்பித்த எனக்கே அது பின்னால் பாடம் படிப்பித்தது.

டோஹாவில் இருக்கிற என் தம்பியும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து சேர்வர் வாடகைக்கு 300 டொலர் ஒதுக்கினார்கள். தம்பியின் கார்டிலேயே வெட்டுப்படும். ஊரில் நீங்கள் தந்தது 42,000 ரூபாய். அது வசதியில்லாத பிள்ளைகளின் டேட்டாவுக்கு. இரண்டும் வேறு வேறு கணக்கு.

டிசம்பரில் முதலாவது லேபைக் கட்டினேன். யூடியூப் பார்த்து, தம்பியின் கூட்டாளி ஒருவரை இரவிரவாகத் தொந்தரவு செய்து கட்டியது. மாதம் 40 டொலர் வாடகையில் ஒரு பெரிய இயந்திரம். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு கம்பியூட்டர் திரை. பிரவுசரில் இணைப்பைத் திறந்தால் பாடசாலை லேபில் இருப்பது போலவே திரை வரும். சுட்டி அசையும், ஜன்னல்கள் திறக்கும். நான் என் லெப்டொப்பில் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். அதிபருக்குக் காட்டினேன். அவரும் மாஷா அல்லாஹ் என்றார்.

பிள்ளைகளின் போனில் அது ஒரு பாடுதான். அவ்வளவு பெரிய திரையைக் கையளவு போனில் சுருக்கினால் எழுத்து எறும்பு மாதிரி. தட்டச்சுப் பலகை மேலே வந்தால் பாதித் திரை மறைந்து போகும். அதைவிட மோசம், திரை அசையும் ஒவ்வொரு தடவையும் அந்தப் படம் இணையத்தில் வர வேண்டும், வீடியோ பார்ப்பது போல. "டீச்சர், ஒரு பாடத்துக்கே 300 எம்.பி. முடிஞ்சிட்டு" என்று ஒரு மகன் எழுதினான். நீங்கள் டேட்டாவுக்குத் தந்த காசை என் லேபே குடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கொப்பிப் பிள்ளை இரண்டு நாள் வந்தாள். பிறகு வரவில்லை. நான் லேபைக் கட்டியது எனக்காக, என் லெப்டொப்புக்காக. அவளுடைய வாப்பாவின் போனைக் கையில் எடுத்து ஒரு தடவையாவது பார்த்துவிட்டுக் கட்டியிருக்க வேண்டும். இது முதலாவது பிழை.

இரண்டாவது பிழை காசுப் பிழை.

2022 பெப்ரவரி 7 முதல் மார்ச் 5 வரை முந்திய தொகுதிக்கு உயர்தரப் பரீட்சை. மற்ற வகுப்புகளுக்குப் பாடசாலை இல்லை. அந்த நேரத்தில் லினக்ஸ் செய்முறையை ஒன்லைனில் முடிக்கலாம் என்று நினைத்து, மார்ச் தொடக்கத்தில் மூன்று பேருக்கு ஒன்று என்று எட்டுச் சின்ன இயந்திரங்கள் எடுத்தேன். ஒன்றுக்கு மாதம் 20 டொலர், பாவிக்கும் நேரத்துக்கு மட்டும் வாடகை. இரண்டு நாள் பாடம் நடந்தது. நல்லாத்தான் நடந்தது. முடிந்ததும் எட்டையும் நிறுத்தினேன்.

நிறுத்தினேன், அழிக்கவில்லை. நான் எடுத்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைத்தாலும் அந்த இடம் எங்கள் பெயரில்தான் இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வாடகை நிற்குமா? அழித்தால் மட்டும்தான் மீற்றர் நிற்கும். அது அவர்களுடைய பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. செலவு இந்த அளவைத் தாண்டினால் எனக்கு அறிவி என்று ஓர் எச்சரிக்கை வைக்கலாம். அதையும் வைக்கவில்லை.

அந்த மார்ச் மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் போனால் சிறிது நேரத்தில் சிக்னலும் போகும். லெப்டொப்பைத் திறக்கவே இல்லை. ஏப்ரல் முதல் நாட்களில் தம்பி கோல் எடுத்தான்.

"ராத்தா, இந்த மாசம் 197 டொலர் வெட்டுப்பட்டிரிக்கி. என்ன செஞ்ச நீங்க?"

மூன்று மாதத்துக்கு 120 டொலர் ஏற்கெனவே போயிருந்தது. இந்த 197 உடன் 317. ஒதுக்கியதே 300. மேலே போன 17 டொலரைத் தம்பி சத்தமில்லாமல் போட்டிருக்கிறான். அந்த 197 இல் பெரிய இயந்திரத்துக்கு 40. மிச்சம் 157 டொலரும் நிறுத்தி வைத்த எட்டு இயந்திரங்களுக்கு. மூன்று மாதத்துக்கு முன் டொலர் 200 ரூபாய் அளவில். அந்த நேரம் 300. 47,100 ரூபாய். என் கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட.

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. வெயிலில் நின்று உழைக்கிற பிள்ளைகள் அனுப்பிய காசு. அமானிதம். தம்பி, "விடுங்க ராத்தா, நாங்க பாத்துக்கிறம்" என்றான். நான் ஏற்கவில்லை. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "டொலரா அனுப்ப உங்களால ஏலா. அதே பெறுமதியை ஊர்ப் புள்ளைகள்ர டேட்டா நிதிக்குப் போடுங்க. கணக்கு சரி."

2022 மே முதல் மாதம் 5,000 படி ஒன்பது மாதம், பத்தாவது மாதம் 2,100. 2023 பெப்ரவரியில் முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ். அந்த நாட்களில் வீட்டில் என்ன குறைந்தது என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அது இங்கே வேண்டாம்.

இந்த இழப்புக்குப் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கொப்பி கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்தத் தடவை கட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், இஷாவுக்குப் பிறகு வாப்பாவின் போனில் அவளோடு சேர்ந்து இருந்து பார்த்தேன். அவளுக்கு ஜன்னல்கள் வேண்டாம், சுட்டி வேண்டாம். எழுத ஒரு பெட்டி, ஓடவிட ஒரு பொத்தான், விடை தெரிய ஓர் இடம். போதும்.

அப்படி ஒன்று இருக்கிறது. ஜூப்பிட்டர் ஹப் என்று பெயர். இலவச மென்பொருள். சின்ன வகுப்புகளுக்கென்றே, ஒரே ஒரு இயந்திரத்தில் நூறு பேர் வரைக்கும் பாவிக்க, அதன் குட்டிப் பதிப்பு ஒன்றும் உண்டு. இணையத்தில் போய் வருவது வெறும் எழுத்துத்தான். படம் இல்லை. ஒரு பாடத்துக்குப் போகும் டேட்டா வட்ஸ்அப்பில் அனுப்பும் சில படங்களின் அளவுதான்.

எவ்வளவு பெரிய இயந்திரம் தேவை என்று கணக்குப் பார்க்கவும் அவர்களே சூத்திரம் தந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் வருபவர்களின் எண்ணிக்கையை ஒருவருக்குத் தேவையான நினைவகத்தால் பெருக்கி, 128 எம்.பி. கூட்ட வேண்டும். 24 பேரும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. சுபஹுக்குப் பிறகு சிலர், அஸருக்குப் பிறகு சிலர், இஷாவுக்குப் பிறகு சிலர். ஒரே நேரத்தில் பத்துப் பேர், ஒருவருக்கு 150 எம்.பி. என்று வைத்தால் 1,628 எம்.பி. வரும். 2 ஜி.பி. இயந்திரம் போதும். மாதம் 12 டொலர். பத்து நிமிடம் ஒருவர் சும்மா இருந்தால் அவருடைய இடத்தைத் தானாக மூடி அடுத்தவருக்குக் கொடுக்கும். எச்சரிக்கையை முதல் வேலையாக வைத்தேன்.

ஜூன் மாதம் ஓர் இரவு, ஒன்பதரை மணி இருக்கும். அந்தப் பிள்ளை உள்ளே வந்தது என் பக்கத்தில் தெரிந்தது. அவள் முதலாவதாக எழுதிய வரி பத்தை இரண்டால் வகுத்தல். 5.0 என்று வந்தது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்பதை இரண்டால். பிறகு பூச்சியத்தால் வகுத்துப் பார்த்தாள், சிவப்பில் பிழைச் செய்தி. பிறகு வேண்டுமென்றே அடைப்புக்குறியை விட்டு எழுதினாள். அதுவும் சிவப்பு. அன்றிரவு முக்கால் மணித்தியாலத்தில் நாற்பதுக்கு மேல் பிழை. அந்த மாதம் என் வகுப்பில் ஆகக் கூடுதலாகப் பிழை விட்டது அவள்தான். முன்பு ஒரு பிழையும் காட்டப் பயந்து குழுவில் வாய் திறக்காமல் இருந்த பிள்ளை. பரீட்சையில் அவள் எப்படிச் செய்தாள் என்பதைவிட அந்த இரவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வாப்பாவுக்கு முதலில் பயம் இருந்தது. "இதுக்குள்ள வேற ஒண்டும் வராதா டீச்சர்?" என்று கேட்டார். திறந்து காட்டினேன், எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு கிழமை கழித்து அவர் மகளிடம் ஒரு மதிலின் நீளம் உயரம் சொல்லி எத்தனை கல் வேண்டும் என்று கேட்டாராம். அவள் நிரல் எழுதிக் கொடுத்தாளாம். அவர் கைக்கணக்கோடு மூன்று கல் வித்தியாசம். யாருடைய கணக்குச் சரி என்று இன்னும் வீட்டில் முடிவில்லை.

இன்னும் ஒரு படி குறைக்கலாம் என்று பிறகு தெரிந்தது. ஜூப்பிட்டர்லைட் என்று ஒன்று. இதில் பைதன் ஓடுவது சேர்வரில் இல்லை, பிள்ளையின் போனிலேயே, பிரவுசருக்குள். முதல் தடவை சில எம்.பி. இறங்கும். அதற்குப் பிறகு கணக்குப் போடுவது போனின் வேலை. கிளவுட்டில் இருப்பது வெறும் பக்கங்கள் மட்டும், அதற்குக் கிட்டத்தட்ட வாடகையே இல்லை. தரவுத்தளப் பாடத்தின் அடிப்படைக் கட்டளைகளையும் அதிலேயே செய்யலாம். குறையும் உண்டு. மிகப் பழைய போன்கள் திணறும். செய்த வேலை பிரவுசரின் நினைவில் இருப்பதால் யாராவது அதைத் துப்புரவாக்கினால் எல்லாம் போய்விடும். ஒருவனுக்கு அப்படிப் போனது. அதனால் முடிந்ததும் பிரதி எடுத்து எனக்கு அனுப்பச் சொல்கிறேன். இணையத்தள நிரலாக்கம், லினக்ஸ், வலையமைப்பு இதில் சரிவராது. அதற்கு ஒரு தவணைக்கு இரண்டு கிழமை மட்டும் சேர்வர் எடுத்து, பாடம் முடிந்த அன்றே அழித்துவிடுகிறேன். நிறுத்துவதில்லை, அழிக்கிறேன்!

இப்போது கணக்கு.

சேர்வர்: டோஹாப் பிள்ளைகள் ஒதுக்கிய 300 டொலர், 2022 மார்ச்சோடு முடிந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் 12 டொலர் படி 60 டொலரை அவர்களே மீண்டும் தந்தார்கள். இப்போதைய முறையில் வருடத்துக்கு மூன்று தவணை, 18 டொலர். ஆறாயிரம் ரூபாய்க்கும் குறைவு.

டேட்டா: நீங்கள் தந்த 42,000, நான் போட்ட 47,100, மொத்தம் 89,100. 11 பிள்ளைகளுக்கு மாதம் 500 படி 15 மாதம், 82,500. மீதி 6,600 ரூபாய் அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு. கொப்பி நூலகப் பொறுப்பாசிரியையிடம் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளின் பெயர் மட்டும் மூடியிருக்கும்.

இனி அந்த இரண்டாவது பேச்சு. போனில் லேப் இருக்கிறது, ஆகவே கம்பியூட்டர் திருத்தத் தேவையில்லை என்பது.

உறவுகளே, தயவு செய்து அப்படி நினைக்காதீர்கள். நான் கட்டியது இல்லாத இடத்துக்கு ஓர் ஒட்டு. போனில் பெருவிரலால் நாற்பது வரி நிரல் எழுதிப் பாருங்கள், தெரியும். கம்பியூட்டரைத் திறந்து உள்ளே நினைவகம் எது, வன்தட்டு எது என்று கையால் தொட்டுப் பார்ப்பதை எந்தக் கிளவுட்டும் தராது. வலையமைப்புக் கேபிளுக்குத் தலை அடிக்கும்போது எட்டு நிறக் கம்பியில் ஒன்று மாறினால் என்ன ஆகும் என்பதைத் திரையில் காட்டலாம், விரலுக்குப் பழக்க முடியாது.

எங்கள் விஞ்ஞான டீச்சரும் இப்போது மெய்நிகர் ஆய்வுகூடம் பாவிக்கிறா. அதைப் புதிதாகக் கட்டத் தேவையில்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய பெட் என்ற திட்டம் இலவசமாக இருக்கிறது. மின்சுற்று, அமிலம், மூலம் எல்லாம் திரையில் செய்து பார்க்கலாம். பலவற்றை ஒரு தடவை இறக்கி வைத்தால் பிறகு இணையமே வேண்டாம். அவவும் சொல்வது இதைத்தான். திரையில் மின்சுற்றைப் பத்துத் தடவை பிழையாக இணைத்துப் பழகிய பிள்ளை உண்மையான வயரைப் பிடிக்கும்போது பயப்படாது. ஆனால் பிடிப்பதற்கு உண்மையான வயர் ஒன்று இருக்க வேண்டுமே.

மெய்நிகர் லேப் வீட்டுக்கும் இரவுக்கும். பாடசாலை லேப் கைக்கும் கண்ணுக்கும். ஒன்றைக் காட்டி மற்றதை மூடினால் நட்டம் பிள்ளைக்குத்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு லெப்டொப் இருக்கிறது, அது எப்படியும் தப்பிவிடும். அந்த 20 கம்பியூட்டரில் இன்று வேலை செய்வது 5. பலதுக்குத் தேவை ஒரு பவர் சப்ளையும் ஒரு வன்தட்டும்தான். வளைவு அழகாக இருக்கும், நானும் அதற்கு எதிரில்லை. அதற்கு வேறு காசு தேடுவோம். இந்தக் காசைத் தொட வேண்டாம் என்று உங்களிடம் தாழ்மையாகக் கேட்கிறேன். அடுத்த கூட்டம் வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு. வாருங்கள். வந்து பேசுங்கள். என்னிடம் இன்னும் கேள்வி இருந்தால் எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த மகளிடம் வீட்டுக்குப் போன அன்றே தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஏசியது எல்லார் முன்னிலையிலும். ஆகவே மன்னிப்பும் எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டும். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க டீச்சர்" என்றாள். இப்போது கீழ் வகுப்புப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளுக்கு அவள்தான் பதில் சொல்கிறாள். யாராவது கொப்பியில் எழுதிப் படம் அனுப்பினால் ஏசுவதில்லை. "உங்க வீட்டில போன் எத்தினை மணிக்கு வரும்?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.

மகள், என்னை மன்னித்துக்கொள். அன்று சோம்பல் காட்டியது நான்.

எனக்காகவும் எங்கள் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.